எல்லோருக்கும் இருபது

முப்பிடாதி அன்று காலையிலிருந்து தன் புருஷனை ஒரு வார்த்தைகூட ஏசவில்லை. முதல் அறிகுறி அதுதான். அதை அளக்கும் கருவிதான் அந்த மருத்துவமனையில் இல்லை.

"சிஸ்டர், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று நயினார் மூன்றாவது தடவையாக வந்து நின்றார். அரசு பஸ் ஓட்டுகிறவர். பதினைந்து டன் வண்டியை ஒற்றைக் கையால் திருப்புகிற மனிதர், வார்டுக்குள் நிற்கத் தெரியாமல் நின்றார். "நேத்து முழுக்க என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு இருந்தா. கஞ்சியில உப்பு கூடன்னு ஏச்சு, ஃபேன் ஓடலன்னு ஏச்சு. இன்னைக்கு அவ சேலையிலேயே கஞ்சியக் கொட்டிட்டேன். ஒண்ணுமே சொல்லல சிஸ்டர்."

சங்கரவடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான், அவர் சிரிக்கவில்லை என்பது கண்ணில் பட்டது.

வடிவு, பெண்கள் பொது வார்டின் தலைமைச் செவிலியர். வயது ஐம்பத்திரண்டு. அரசு வேலையில் இருபத்தெட்டு வருஷம். தென்கோடி மாவட்டம் ஒன்றின் தலைமை மருத்துவமனையில் அந்த இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ வந்து போயிருந்தன. எட்டு மாதத்துக்கு முன்னால் வந்ததுதான் பொட்டு. கழுத்தெலும்புக்குக் கீழே ஒட்டுகிற சின்ன வட்டம். நாடி, சூடு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், மூச்சு என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்து ஒரு கணினிக்கு அனுப்பும். கணினி அதைக் கூட்டிக் கழித்து, ஆள் நலமென்றால் பொட்டில் பச்சை விளக்கும், சந்தேகமென்றால் மஞ்சளும், ஆபத்தென்றால் சிவப்பும் எரிய விடும். அந்தக் கணினிக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். குறி சொல்கிறவரைப் போல நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்வதால் வார்டில் எல்லோருக்கும் அது கோடாங்கி.

கோடாங்கி முக்கியமாகத் தேடுவது செப்சிஸை. உடம்பில் எங்கோ ஒரு மூலையில் நுழைந்த கிருமியை விரட்டுகிற வேகத்தில், உடம்பு தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தானே கெடுத்துக்கொள்கிற நிலை அது. முதல் சில மணி நேரத்தில் கண்டுபிடித்தால் ஆள் பிழைக்கும். தாமதித்தால் ஒவ்வோர் உறுப்பாகக் கை கழுவிக்கொண்டு போகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருக்குப் படுக்கை என்பதையும் கோடாங்கியே தீர்மானித்தது. சிவப்பு எரிந்தால் படுக்கை உண்டு, எரியாவிட்டால் கிடையாது. சிபாரிசுக் கடிதத்தோடு வருகிறவர்களின் தொல்லை ஒழிந்ததில் எல்லோருக்கும் நிம்மதிதான்.

முப்பிடாதிக்கு நாற்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். சர்க்கரையும் பிரஷரும் ஏற்கெனவே உண்டு. சிறுநீரில் கிருமி என்று முந்தாநாள் சேர்த்திருந்தார்கள். அவள் கழுத்தெலும்புக்குக் கீழே பொட்டு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

வடிவு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்ப்பதற்காக அல்ல. மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னால் எந்த மனுஷரும் ஒழுங்காக மூச்சு விட மாட்டார்கள். அதனால் கை நாடியில் இருக்கும், கண் நெஞ்சில் இருக்கும். சுவர்க் கடிகாரத்தின் முள் ஒரு முழுச் சுற்று வரும்வரை எண்ணினாள். இருபத்தெட்டு. படுக்கையருகே இருந்த திரையைப் பார்த்தாள். பொட்டும் அதையேதான் சொன்னது, இருபத்தெட்டு. சொல்லிவிட்டுப் பச்சையாகவே இருந்தது.

"முப்பிடாதி, என்னைய பாரு தாயி. இது யாரு?"

முப்பிடாதி நயினாரை நிதானமாகப் பார்த்தாள். "டிரைவர்" என்றாள்.

நயினாரின் முகம் வெளுத்துப் போனது. பத்தொன்பது வருஷம் குடித்தனம் செய்தவளின் வாயில் அவர் வெறும் டிரைவராகிவிட்டார்.

வடிவு குனிந்து கட்டிலுக்கடியில் தொங்கிய சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தாள். காலை ஐந்து மணிக்கு மாற்றிய பை. இப்போது பத்தரை. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கு ஒன்று நிறையாது. உடனே பணி மருத்துவரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் நஸ்ரின் வந்து பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முப்பது வயதுகூட ஆகாதவர், ஆனால் பயந்தால் கை வேகமாகுமே தவிர நடுங்காது. சலைன் ஓட ஆரம்பித்தது, ரத்தம் எடுத்தாயிற்று, கிருமிக்கான மருந்து வீரியமானதாக மாறியது.

"காய்ச்சல் இல்ல. நாடியும் தொண்ணூத்தாறுதான்" என்றார் நஸ்ரின்.

"பிரஷர் மாத்திரை நாடிய ஓட விடாது மேடம். பிரஷர் நூத்தெட்டுன்னு காட்டுது. இவளுக்கு எப்பவும் நூத்தம்பது இருக்கும்."

"தெரியுது சிஸ்டர். மருந்து குடுத்துட்டோம். ஆனா இன்னும் ரெண்டு மணி நேரத்துல பிரஷர் விழுந்தா, தூக்கிப் பிடிக்கிற மருந்தை இங்க வச்சுக் குடுக்க முடியாது. ஐசியூதான்."

ஐசியூவில் இரண்டு படுக்கை காலி. நஸ்ரின் பேசினார். மறுமுனையில் ஒரே ஒரு கேள்வி: என்ன கலர்?

"பச்சை. ஆனா பேஷன்ட்டுக்கு நினைவு தப்புது."

"சிவப்பாச்சுன்னா அதுவே எங்களுக்குச் சொல்லிரும் டாக்டர். நாங்க ரெடியாத்தான் இருக்கோம்."

கோடாங்கியை மீறிப் படுக்கை வாங்க வழி இல்லாமல் இல்லை. மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதில் முதல் கையெழுத்துக்காரரான கண்காணிப்பாளர், ஆட்சியர் கூட்டத்தில் இருந்தார். மூன்று மணிக்குத்தான் வருவார். ரத்தப் பரிசோதனை முடிவு வரவும் இரண்டாகும். அதுவரை முப்பிடாதியின் சிறுநீரகம் பொறுத்துக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி.

இருபத்தெட்டு என்று தானே அளந்துவிட்டு, அதைக் கண்டுகொள்ளாமல் பச்சையாக எரிகிறதே, இது என்ன கோடாங்கி என்று வடிவுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு ஞாபகமும் வந்தது. போன மாதம் பொட்டு தீர்ந்துபோய் மூன்று நாள் பழையபடி கையால் எண்களைப் பதிந்தார்கள். அந்த மூன்று நாளில் இரண்டு பேருக்குச் சிவப்பு எரிந்தது. இரண்டு பேருக்கும் உண்மையிலேயே முடியாமல்தான் இருந்தது. இரண்டு பேரும் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். அப்போது அதை அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தாள்.

"மேடம், ஒண்ணு செஞ்சு பாக்கட்டா? பொட்டை எடுத்துட்டு, அதே நம்பரக் கையால போடுதேன்."

நஸ்ரின் அவளைப் பார்த்தார். "அதே நம்பரைப் போட்டா அதே பச்சைதானே வரும்?"

"வரணும். எனக்கும் கணக்குப் புரியல. ஆனா மனசு சொல்லுது."

"வேலை செய்யுற பொட்டை எடுத்தா உங்க பேர்ல ரிப்போர்ட் போகும் சிஸ்டர். ரெண்டு மாசம் முன்னால பக்கத்து ஜில்லாவுல ஒருத்தர சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

"போனாப் போகட்டும் மேடம். இவ 'டிரைவர்'ங்கா."

வடிவு பொட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தாள். திரை உடனே அவள் பணி எண்ணைக் கேட்டது, கொடுத்தாள். காரணம் கேட்டது, 'பிற' என்று போட்டாள். பிறகு ஒவ்வொன்றாகப் பதிந்தாள். நாடி 96. அழுத்தம் 108. சூட்டிலும் ஆக்சிஜனிலும் மாற்றமில்லை. மூச்சு 28.

எல்லா நோயாளியின் பெயரும் ஓடுகிற வார்டுப் பலகையில் முப்பிடாதியின் பெயர் சிவப்பாக எரிந்தது. இரண்டு நிமிஷத்தில் ஐசியூவிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். பதினொன்று பத்துக்குத் தள்ளுவண்டி வார்டைத் தாண்டியது. பின்னாலேயே நயினார் கஞ்சித் தூக்கோடு ஓடினார்.

பன்னிரண்டரைக்கு முப்பிடாதியின் அழுத்தம் எழுபதுக்கு இறங்கியது. ஐசியூ தாங்கிப் பிடித்துக்கொண்டது. இரண்டு மணிக்கு வந்த பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, நஸ்ரின் வடிவின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். சிறுநீரகம் பாதி வேலைநிறுத்தத்தில் இருந்தது. வார்டிலேயே விட்டிருந்தால் முழுவதும் நின்றிருக்கும்.

மூன்றே காலுக்குச் சென்னையிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. கோடாங்கியைப் பராமரிக்கிற குழுவின் பொறியாளர், பெயர் மகிழ்நன். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த, மரியாதையான இளைஞன்.

"சிஸ்டர், பயப்படாதீங்க. பொட்டு எடுத்ததுக்கு ஒரு காரணம் எழுதணும், அவ்வளவுதான். வேர்வையில கழண்டு வந்துச்சுன்னு போட்டு முடிச்சிடறேன். உங்களுக்கும் பிரச்சினை வராது."

எவ்வளவு சுலபமாக ஒரு பொய்யை நீட்டுகிறான் என்று வடிவு நினைத்தாள். அப்படி நீட்டிய பொய்களை அவள் நிறைய வாங்கியிருக்கிறாள்.

"கழண்டு வரல தம்பி. நான்தான் உரிச்சேன். ஒண்ணு சொல்லுங்க. பொட்டு சொன்ன நம்பரும் நான் போட்ட நம்பரும் ஒண்ணு. அது சொன்னா பச்சை, நான் சொன்னா சிவப்பா? ஏன்?"

மகிழ்நன் தலையைச் சொறிந்தான். "உள்ள ரெண்டு பேர் இருக்காங்க சிஸ்டர். கையால போட்டா பழைய கோடாங்கி பதில் சொல்லும். பொட்டு வழியா வந்தா புதுசு. பழசை நாங்க எடுக்கல, பொட்டு கெட்டுப்போனா உதவும்னு வச்சிருக்கோம். புதுசு பழசோட பிள்ளைதான். ஒரே படிப்பு."

"எதைப் படிச்சது?"

"உங்களைத்தான். பன்னெண்டு வருஷமா அரசு ஆஸ்பத்திரி செவிலியர்கள் எழுதின சார்ட். நாப்பது லட்சம் நோயாளிங்க."

அந்தச் சார்ட்டுகள் வடிவுக்குத் தெரியும். அதில் எத்தனையோ ஆயிரம் அவள் கையெழுத்து.

நாற்பத்தாறு நோயாளிக்கு ஒரு செவிலியர். நாடி, அழுத்தமெல்லாம் கருவி சொல்லிவிடும். மூச்சை மட்டும் ஒரு முழு நிமிஷம் நின்று எண்ண வேண்டும். நாற்பத்தாறு நிமிஷத்துக்கு எங்கே போவது? அதனால் மூச்சுக் கட்டத்தில் எல்லோருக்கும் இருபது என்று எழுதினார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். குழந்தை பெற்றவளுக்கு இருபது, குடலிறக்கக்காரருக்கு இருபது. ஒரு தடவை வடிவு எழுதிய ஒரு சார்ட்டில் கடைசி வரி 'மூச்சு 20' என்றிருந்தது. எழுதியபோது அந்த மனிதர் போய்ச் சேர்ந்து கால் மணி நேரமாகியிருந்தது. அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

வேர்வையில் கழண்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். வடிவு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, நாங்க மூச்சை எண்ணவே இல்ல" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். செத்தவர் கணக்கையும் விடவில்லை.

மகிழ்நன் பழைய சார்ட்டுகளின் மூச்சுக் கணக்கைத் தன் திரையில் எடுத்தான். விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. "ஆமா" என்றான் கடைசியில். "இருபதுல ஒரே ஒரு தூண் மாதிரி நிக்குது. இதைப் பாத்திருக்கேன். மனுஷங்க சராசரியா இருபதுதான் மூச்சு விடுவாங்கபோலன்னு நினைச்சிட்டேன்." "ஆனா எல்லாமே இருபது இல்லையே சிஸ்டர். நூத்துக்கு ஆறு வேற நம்பரா இருக்கு. அது என்ன?"

"அது எண்ணிப் பாத்தது."

"எப்ப எண்ணுவீங்க?"

வடிவு யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "மனசுக்குச் சரியாப் படலேன்னா எண்ணுவோம். ஒருத்தி படுத்திருக்குற விதம், சொந்தக்காரங்க சொல்லுத ஏதாவது ஒண்ணு. பக்கத்துல போய் நின்னா, கை தானா மணிக்கட்டைப் பிடிக்கும்."

"ஒரு நிமிஷம் இருங்க."

அவன் தன் திரையை அவளுக்கும் காட்டினான். இல்லாத ஒரு நோயாளியை உண்டாக்கினான். இருபத்தைந்து வயது, எல்லா எண்ணும் ஒழுங்கு. மூச்சு 20 என்று போட்டான். பழைய கோடாங்கி பச்சை காட்டியது. 20-ஐ அழித்துவிட்டு 19 என்று போட்டான்.

சிவப்பு.

17. சிவப்பு. 21. சிவப்பு. கட்டுமஸ்தான இருபத்தைந்து வயது ஆள், ஒரு மூச்சு கூடவோ குறையவோ விட்டதற்காகச் செத்துக்கொண்டிருப்பதாகக் கோடாங்கி அடித்துச் சொன்னது.

"இது நோயாளியைப் பாக்கவே இல்ல சிஸ்டர்" என்றான் மகிழ்நன். குரல் இறங்கியிருந்தது. "உங்களைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. இருபதுன்னா சிஸ்டர் நிம்மதியா இருக்காங்க. இருபது இல்லேன்னா சிஸ்டர் எழுந்து போய்ப் பாத்திருக்காங்க. நாப்பது லட்சம் சார்ட்டுல அது கத்துக்கிட்ட பெரிய பாடம் அதுதான்."

வடிவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. செவிலியர்கள் அவசரத்தில் எழுதிய பொய்யைச் சுற்றித்தான் உண்மை இருந்திருக்கிறது.

"அப்ப பொட்டு வந்தப்ப?"

"முதல் நாலு நாள் ஆஸ்பத்திரி முழுக்கச் சிவப்பு எரிஞ்சுது, ஞாபகம் இருக்கா? பொட்டு நிஜமாவே எண்ணுது. பதினாறு, பதினெட்டு, இருபத்திரண்டு. கோடாங்கிக்கு எல்லாருமே சாகப்போறவங்க." அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "நான்தான் சரி பண்ணினேன். பொட்டு அனுப்புற மூச்சு எண்ணிக்கை நம்ப முடியாதது, கணக்குல சேர்க்க வேண்டாம்னு அடைச்சு வச்சேன். அதுதான் புதுசு. சிவப்பு அடங்கிடுச்சு. பாராட்டுச் சான்றிதழ் குடுத்தாங்க. எட்டு மாசம் ஆச்சு சிஸ்டர். பச்சையா இருந்தே போனவங்க எத்தனை பேரோ."

அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அதற்காக அவனை விட்டுவிடவும் மனம் வரவில்லை. தன்னையும் அவள் விட்டுவிடவில்லை.

"எண்ணிப் பாருங்க தம்பி" என்றாள். "ஒவ்வொருத்தரா எண்ணுங்க. நாங்க செய்யாம விட்டத நீங்களாவது செய்ங்க. அதுக்கு முன்னால அந்த மூச்சைத் திரும்பக் கணக்குல எடுங்க. என் வார்டுல நாப்பத்தஞ்சு பொட்டு எரியுது."

மூச்சை அப்படியே திரும்பச் சேர்த்தால் மறுபடி எல்லோருக்கும் சிவப்பு எரியும். அதனால் அன்று மாலைக்குள் மகிழ்நன் எல்லா மருத்துவமனைக்கும் செய்தி அனுப்பிவிட்டான். மூச்சு இருபத்தைந்தைத் தாண்டினால், பொட்டு பச்சையாக இருந்தாலும் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். அதில் தன் பெயரையும் தன் தவற்றையும் எழுதியிருந்தான். அந்த ஒரு காரியத்துக்காக வடிவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

நான்காம் நாள் காலை நயினார் வார்டுக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது. வடிவு கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏசிட்டா சிஸ்டர்" என்றார். "சட்டை பட்டன மாத்திப் போட்டுருக்கேன்னு ஏசிட்டா. இப்படியா பஸ் ஓட்டப் போவன்னு, அங்க இருக்குற எல்லா சிஸ்டர் முன்னாலயும் வச்சு. நல்ல ஏச்சு."

"நல்லா வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள் வடிவு. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொட்டை உரித்ததற்கு விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணை அவள் பணிப் பதிவேட்டில் அப்படியே இருந்தது. அதை எடுக்கத் தனியாக ஓர் உத்தரவு வர வேண்டுமாம். வடிவு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஐந்து மாதம் கழித்து, அந்த இரண்டுக்கும் பதிலாக மூன்றாவது கோடாங்கி வந்தது. பொட்டு எண்ணிய நிஜமான மூச்சை வைத்து முதலிலிருந்து பாடம் படித்தது. கூடவே இன்னொன்றும் சேர்த்திருந்தார்கள், மகிழ்நன் பிடிவாதமாகச் சண்டை போட்டு வாங்கியது. ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கு எதிரிலும் ஒரு கட்டம். 'செவிலியருக்குக் கவலை: உண்டு, இல்லை.' உண்டு என்று போட்டால், மற்ற எண்களெல்லாம் ஒழுங்காக இருந்தாலும் மருத்துவர் வந்து பார்த்தே ஆக வேண்டும். நஸ்ரின் அதைப் படித்துவிட்டு, "இது உங்களுக்காகப் போட்ட கட்டம் சிஸ்டர்" என்றார். வடிவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

முதல் இரண்டு மாதத்தில் அந்தக் கட்டம் அவள் வார்டில் மட்டும் ஏழு பேரைக் காப்பாற்றியது. அதைப் பார்த்து மகிழ்ந்துபோன தலைமையிடம் கட்டத்தைக் கட்டாயமாக்கியது. தினமும் காலை எட்டு மணிக்குள் எல்லா நோயாளிக்கும் பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால் பலகை மஞ்சளாக மின்னும், மாதக் கடைசியில் விளக்கம் கேட்பார்கள்.

ஒரு புதன்கிழமை. ஏழு ஐம்பது. இரண்டு பேர் விடுப்பு, நாற்பத்து நான்கு நோயாளி. வடிவு மேசையில் உட்கார்ந்து, ஒரு கையில் காபியோடு, பட்டியலில் விரலை ஓட்டினாள். இல்லை. இல்லை. இல்லை.

பன்னிரண்டாவது பெயருக்கு வந்தபோதுதான் விரல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதைக் கவனித்தாள். மேலே பதினோரு 'இல்லை' வரிசையாக நின்றது. பதினோரு பேரில் ஒருத்தியின் முகத்தைக்கூட அவள் இன்னும் பார்க்கவில்லை. நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை. பழைய விரல். பழைய இருபது.

காபியைக் கீழே வைத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, இந்தத் தடவை தன் மேலேயே. பதினொன்றையும் அழித்தாள். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆமாம் என்று அழுத்திவிட்டு எழுந்து முதல் படுக்கைக்குப் போய் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன சிஸ்டர், நாடியா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா. செத்த நேரம் பேசாம இருங்க."

கை நாடியில் இருந்தது, கண் நெஞ்சில் இருந்தது. முள் ஒரு முழுச் சுற்று வந்தது. பதினெட்டு. முகம் தெளிவாக இருந்தது, சிறுநீர்ப் பையிலும் குறையில்லை. 'இல்லை' என்று போட்டாள்.

எட்டு மணி தாண்டிவிட்டது. பலகை மஞ்சளாக மின்னத் தொடங்கியது. வடிவு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டாம் படுக்கையின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.